பத்துமலை தூக்காத உருளை

இரண்டாவது தடவையும் உருளை தரையை விட்டு எழும்பவில்லை.

"என்னங்க பயில்வான், காலையில கஞ்சி குடிக்கலியா?" என்று நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார் அப்பாவுக் கங்காணி. தோட்டத்துப் பெரட்டுக் களமே சிரித்தது. தினமும் விடியுமுன் அதே களத்தில் கங்காணி ஆள் எண்ணும்போது வாய் திறக்காத சனம் அது. சிரிக்கக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுமா?

பத்துமலை இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டார். 'பேராக் சாம்பியன், 1921' என்று பொறித்த வெள்ளி வில்லை பதித்த பட்டை. ஆறு வருஷமாகப் பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து பீடோர் வரை அவரை வென்ற ஆள் கிடையாது.

கங்காணி போட்ட நிபந்தனை ஒன்றுதான். ரப்பர் ஷீட் அழுத்தும் இந்தப் பழைய இரும்பு உருளையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். முடியாவிட்டால் பட்டை கங்காணிக்கு. பட்டை போனால் அடுத்த மாதம் ஈப்போவில் நடக்கும் போட்டியில் பத்துமலை மேடை ஏறவே முடியாது.

"நாக்கு வறண்டு போச்சு. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"ஏ இருளாயி! வேடிக்கை பாத்தது போதும். பயில்வானுக்குத் தண்ணி கொண்டா!"

முன் வரிசையில் இருந்த பெண் எழுந்து, குடத்தோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனாள். புருஷன் செத்த பிறகு கங்காணி வீட்டில் சமைக்கிறவள். அவர் சொல்லாமல் அவள் வாசல்கூடத் தாண்ட முடியாது.

மூன்றாவது தடவை உருளை முழங்கால் வரை வந்து, தொப்பென்று விழுந்தது.

தப்பு அடித்துக்கொண்டிருந்த ஆம்புரோஸ் குச்சியைக் கீழே வைத்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மூன்று மாதமாகத்தான் பத்துமலையோடு ஊர் ஊராகச் சுற்றுகிறார். அதற்குள் இதைவிடக் கனமானதையெல்லாம் பத்துமலை அலட்சியமாகத் தூக்கியதைப் பார்த்துவிட்டார்.

"உடம்புக்கு முடியலியா தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

 பத்துமலை கால் ஓரிடத்தில் நிற்காமல் உருளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளங்கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். கண் மட்டும் லயத்துப் பக்கமே போய்ப் போய் வந்தது. தண்ணீர் வந்தபாடில்லை.

கங்காணிக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டுல நிக்கிறவனையும் கூப்பிடுங்கடா! பேராக் சாம்பியன் முக்குறதைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்!"

காவலாளி தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

நான்காவது தடவை. ஐந்தாவது. சிரித்துச் சலித்துப்போய்ச் சிலர் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை. உக்காருங்க, கங்காணி," என்று பத்துமலை கெஞ்சினார். கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். அத்தனை பெரிய உடம்பு அப்படிக் கெஞ்சுவதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கங்காணி மட்டும் காலை ஆட்டிக்கொண்டு, "ஆகட்டும், ஆகட்டும். பொழுது நெறைய இருக்கு," என்றார்.

ஏழாவது தடவை குனிந்தபோது, ரப்பர் மரங்களுக்கு அப்பால் பீடோர் ஸ்டேஷனில் நாலு மணி ரயில் ஊதிக் கிளம்பியது. பத்துமலை சற்று நேரம் உருளையைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முடியல கங்காணி. தோத்துட்டேன்."

கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ மண்ணாங்கட்டியை வீசினார்கள். பத்துமலை பட்டையை அவிழ்த்து நீட்டினார். கங்காணி அதை வாங்கித் தன் தொந்தியில் கட்டப் பார்த்தார், சுற்றளவு போதவில்லை. "நாளைக்கே ஈப்போவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடறேன்!" என்று பட்டையைக் கையில் ஆட்டிக் காட்டினார்.

ஆம்புரோஸ் அழுதேவிட்டார்.

காவல் இல்லாத வாசலைத் தாண்டி அரை மைல் போனதும் அவர்களுடைய மாட்டு வண்டி சேற்றில் இறங்கியது. இரும்புக் குண்டுகள், தப்பு, ஆம்புரோஸ் எல்லாம் மேலேயே இருக்க, பத்துமலை குதித்து இறங்கினார். அச்சுக்கு அடியில் தோளைக் கொடுத்து, ஒரே தூக்கில் வண்டியை மேட்டில் வைத்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

ஆம்புரோசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதைத் தூக்கினவருக்கு அந்த உருளை எம்மாத்திரம் தம்பி? எதுக்குப் பட்டையைக் குடுத்தீங்க? ஒரு வாய்த் தண்ணி தராத தோட்டத்துக்கா? கொண்டார போன அந்தப் பொம்பளகூடத் திரும்பி வரலியே!"

பத்துமலை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். வெறும் இடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எப்படிண்ணே வருவா? எங்கக்கா இந்நேரம் ரயில்ல தாப்பா ரோடு ஸ்டேஷனைத் தாண்டியிருப்பா லா."