குழாய் விஷயமாக ஒரு கடிதம்

பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரின் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. குடிவந்த பத்தாவது நாளே புகார்க் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன். நீயே படி."

மனைவி படித்தாள். "'காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று நான் உத்தரவு போட முடியாது.'"

"திமிரப் பாத்தியா!"

"'நாற்றம் தாங்கவில்லை என்றால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும். மூக்கு அவ்வளவு நாசூக்கு என்றால் அரண்மனையாகப் பார்த்துக் குடிபோகவும்.'"

"இத எழுதினவன் சோத்தத் திங்கிறானா, இல்ல வேற எதையாவது திங்கிறானா?"

"சோறுதாங்க. நாப்பது வருஷமா நான்தானே ஆக்கிப் போடறேன்."

பழுப்பேறிய அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடியில் அவருடைய கையெழுத்தே இருந்தது. அதற்கும் கீழே, புது மையில் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார்:

"ஐயா, இந்த வீட்டை எனக்கு விற்பதற்கு முன்பு நீங்கள் இங்கே உரிமையாளராக இருந்தீர்கள், இப்போது நீங்கள் படுக்கும் அந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அப்போது என் புகாருக்கு நீங்கள் தந்த பதில் இது. இதைவிட நல்ல பதில் எனக்கு எழுத வரவில்லை."