வலது பக்கத்துக்கு மட்டும் லேசர்

என் மனைவி இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. என் நினைவில் அவள் இன்னும் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கிறாள். ஐம்பத்தாறு வயதில் பல்லுக்குக் கம்பி; மகள் கல்யாணத்துக்குள் வரிசை சரியாக வேண்டும். லேசர் பட்டால் பல் சீக்கிரம் நகருமா என்று பார்க்கும் ஆராய்ச்சி இது. வலது ஈறில் மட்டும் சிவப்பாக லேசர் விழுகிறது. இடது பக்கம் ஒப்பிடுவதற்காகச் சும்மா கிடக்கிறது. மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறோம். பிறகு டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, ஈறில் ஊறும் நீரை எடுத்து வீக்கத்தை அளக்க, இடுக்கியால் காகிதத் துண்டு ஒன்றைச் செருகுகிறார்.

"பேசாதீங்கம்மா, எச்சில் பட்டா வீணாயிடும்."

"வலது பக்கம் மட்டும் சரியாகி நின்னா, சம்பந்தி முன்னாடி நான் பாதி வாயாலயா சிரிக்கிறது?"

துண்டு நனைகிறது. டாக்டர் பெருமூச்சோடு வேறொன்றை எடுக்கிறார்.

"ஏங்க, போட்டோவுல நீங்க என் இடது பக்கம் நின்னு மறைச்சுடுங்க."

நான் எழுந்துபோய் நின்று காட்டுகிறேன்.

"இன்னும் ஒட்டி நில்லுங்க," என்கிறாள். டாக்டர் இடுக்கியோடு காத்திருக்கிறார்.