விட்டுட்டேன் பாஸ்டர்

விஜய்குமார் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் தரையில் இரண்டு ஹெல்மெட்டுகள், இரண்டும் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன.

"நோடம்மா, இங்க பாரு மகேஸ்வரி," என்றார் பாஸ்டர், கன்னடத்தையும் தமிழையும் சேர்த்துக் குழைத்து. "உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு ஹெல்மெட்டு கூடக் கொண்டாந்திருக்கான். உன் மனசு இன்னும் கல்லாவே இருக்கே?"

மைசூரில் அந்தச் சபைக்குப் பின்னால் இருந்த ஆலோசனை அறையில், கட்டின புருஷன் மூக்கை உறிஞ்சுவதைப் பார்க்க மகேஸ்வரிக்கு அருவருப்பாக இருந்தது. ஜவுளிக்கடை சுசித்ராவோடு ஊர் சுற்றியபோது இந்தக் கண்ணீரெல்லாம் எந்தத் தொட்டியில் கிடந்ததோ.

விஷயம் தெரிந்த அன்றே அவள் கொள்ளேகாலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தப்புச் செய்தவன் ஞாயிறுதோறும் முன்வரிசையில் நின்று பாடினான். மன்னிக்காதவள் என்று சொல்லி, அவளுக்குத்தான் பாஸ்டர் திருவிருந்து அப்பம் தராமல் நிறுத்திவைத்தார். இன்று இவனோடு வீட்டுக்குப் போவதா, இல்லை கொள்ளேகால் பஸ் ஏறி அத்தோடு முடித்துக்கொள்வதா என்று அவள் சொல்லியாக வேண்டும்.

"அழுதாப் போதும்னா, வெங்காயம் உரிக்கிறவங்க எல்லாரும் பரலோகம் போயிடுவாங்க பாஸ்டர்."

பாஸ்டருக்குச் சுருக்கென்றது. "சரி. அறிக்கை பண்ணினா மட்டும் போதாது, பாவத்தை விடணும். அதையும் உன் எதிர்லயே கேட்டுடறேன்." மேஜையிலிருந்த பைபிளை எடுத்து, விஜய்குமாரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

விஜய்குமாருக்குப் போலீஸ் பயம் கிடையாது, பெண்டாட்டி பயமும் கிடையாது. பைபிளில் கை வைத்துப் பொய் சொன்னால் கை விளங்காமல் போய்விடும் என்ற பயம் மட்டும், ஹனூரில் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து உண்டு. அது மகேஸ்வரிக்கும் தெரியும்.

"சுசித்ராவை விட்டுட்டியாப்பா?"

"விட்டுட்டேன் பாஸ்டர்."

"சத்தமாச் சொல்லு. உன் சம்சாரம் கேக்கட்டும்."

"விட்டுட்டேன், விட்டுட்டேன்!"

கை நடுங்கவில்லை. குரலும் பிசிறவில்லை. மகேஸ்வரிக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது, தன் மேல்.

"கேட்டியாம்மா?" பாஸ்டர் ஜெயித்தவர் மாதிரி நிமிர்ந்தார். "ஆண்டவரே மன்னிச்சுட்டாரு. அவரைவிட நீ பெரிய ஆளா?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள். புருஷனைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் விட்டது உண்மையென்றால் எரிச்சலோடும் குடும்பம் நடத்தலாம். உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நடத்துகிறார்கள்.

"சரி பாஸ்டர், மன்னிச்சுட்டேன். வீட்டுக்குப் போறேன்."

"ஸ்தோத்திரம்!" பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். விஜய்குமாரின் கையை மட்டும் பைபிள் மேலேயே அழுத்திப் பிடித்திருந்தார்.

மகேஸ்வரி குனிந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு புருஷனிடம் நேராகப் பேசினாள்.

"ஏனுங்க, எப்ப விட்டீங்க?"

அவன் கையை உருவப் பார்த்தான். முடியவில்லை. அழுகை பட்டென்று நின்றுபோனது.

"இப்பத்தான், வர்ற வழியில. கடை வாசல்ல இறக்கி விட்டேன்."