கன்னடத்தில் சொன்னது

"டிவி சத்தத்தைக் கூட்டுடி!"

ரோஸி இதை மகள் டீனாவிடம் கன்னடத்தில் சொன்னாள். வந்தவர்கள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பிரபாவுக்குச் சுருக்கென்றது. மலேசியாவிலிருந்து கடல் தாண்டி, ஜோகுபாளையத்துச் சந்தில் கார் நுழையாமல் பாதி வழி நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிற சிநேகிதிக்கு இதுதான் வரவேற்பா? முன்கூட்டிச் சொல்லாமல் வந்தது தப்புதான். அதற்காக?

பல் வைத்தியம் படிக்க வந்த காலத்தில், ஹாஸ்டல் சோறு தொண்டையில் இறங்காதபோதெல்லாம் அவள் ஓடிவந்த வீடு இது. நேரே சமையலறைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற உரிமை இருந்தது. நோயாளிகளிடம் "எல்லி நோவு?", எங்கே வலி என்று கன்னடத்தில் கேட்கக் கற்றுக்கொடுத்ததே ரோஸியும் அவள் அண்ணன் தாஸும்தான்.

தாஸ். புருஷனிடம் இத்தனை வருஷத்தில் பிரபா சொல்லாத பேர் அது ஒன்றுதான்.

'படிச்ச ஊரைக் காட்டறேன், வாங்க' என்று புருஷன் உத்தமனை இழுத்துக்கொண்டு வந்தாளே, கப்பன் பார்க் மரங்களைக் காட்டவா? தாஸ் எப்படி இருக்கிறான் என்று ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். 'ஊருக்குப் போய் அப்பாகிட்ட பேசிட்டு வரேன்' என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனவள்தான். போனவள் போனவள்தான்.

"உட்காருங்க சார், உட்காருங்க." உத்தமனிடம் ரோஸி தமிழில் தேனாக ஒழுகினாள். உடனே உள்பக்கம் திரும்பிக் கன்னடத்தில், "ரூம் கதவைச் சாத்து. இவங்க யாரும் உள்ளே வரக்கூடாது" என்றாள்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உத்தமன் ஒன்றும் புரியாமல் சிரித்தான்.

"வீடு நல்லா காத்தோட்டமா இருக்குலா."

டிவியில் எவளோ மாமியாரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அலறலில் காற்றோட்டம் ஒன்றுதான் குறைச்சல்.

"என்ன குழம்பு ரோஸி? வாசனை தூக்குதே!" பழைய நினைப்பில் பிரபா எழுந்தாள்.

"ஐயோ, நீங்க உட்காரும்மா. உள்ளே எல்லாம் போட்டது போட்டபடி கிடக்குது." அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி ரோஸி குறுக்கே வந்து நின்றாள்.

நீங்களாம், உட்காரும்மாவாம்! 'ஏ மலேசியாக்காரி' என்று கூப்பிட்ட வாய்.

சுவரில் இருந்த இயேசு படத்தைப் பார்த்துக்கொண்டே பிரபா மெதுவாகக் கேட்டாள். "உங்க அண்ணன்… நல்லா இருக்காங்களா?"

"தங்கவயல்ல இருக்குது. சித்தப்பா வூட்ல."

"இன்னைக்கு வருவாங்களா?"

"வராது."

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

டீனா வந்து, டீ போடட்டுமா என்று அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டாள்.

"டீ பேடா. பேக களிசபேக்கு."

டீ வேண்டாமாம். சீக்கிரம் அனுப்பியாக வேண்டுமாம்! இந்த வீட்டு அடுப்படியில் கற்ற பாஷை எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்துவிட்டாளா? இல்லை, அண்ணனை விட்டுவிட்டுப் போனவள் என்று உட்காரவைத்துப் பழி வாங்குகிறாளா?

பிரபா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கிளம்பறோம் ரோஸி. நாங்க தங்கியிருக்கிற ஓட்டல்ல டீ தாராளமாக் கிடைக்கும். நீ சிரமப்படாதே."

"பிரபா…"

"இந்தச் சாக்லேட்டை வெச்சுக்க. ஒண்ணு சொல்லட்டுமா? ஈப்போவுல எங்க வீட்டைக் கூட்ட வர்றவளுக்குக்கூட நான் மைலோ கலக்கிக் கொடுத்துட்டுத்தான் பேசுவேன்."

"என்னலா பிரபா இது!" உத்தமன் நெளிந்தான்.

டீனாவின் முகம் சிவந்தது. "ஆன்ட்டி, நீங்க…" என்று ஆரம்பித்தவளின் கையை ரோஸி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சாக்லேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கேட் வரை கூடவே வந்தாள். மனைவியின் வாயால் கெட்டதை ஒட்டவைக்கிற வேலை வழக்கம்போல உத்தமனுக்கு.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களைப் பத்தி இவ பேசாத நாளே இல்லை."

"அய்யே, தப்பு என்னா சார், எங்க பிரபாதானே!" ரோஸி சிரித்தாள். பிரபாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வழியனுப்புகிற அதே சிரிப்போடு, அதே நிதானத்தோடு, இந்தத் தடவை நேராக அவளிடமே கன்னடத்தில் சொன்னாள்.

"அண்ணன் உள்ளேதான் இருக்குது. ஸ்ட்ரோக் வந்து பேச்செல்லாம் போயிட்டுது. வாயில வர்றது உன் பேரு மட்டும்தான். உன் குரலைக் கேட்டதும் இன்னும் சத்தமா கூப்பிட ஆரம்பிச்சிட்டுது. உன் வீட்டுக்காரர் காதுல விழுந்துடக் கூடாதேன்னுதான் டிவி, கதவு எல்லாம். அவருக்குப் புரியாது, உனக்குப் புரியும்னுதான் கன்னடத்துலயே சொன்னேன்."

பிரபா திரும்பி வீட்டைப் பார்த்தாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சொல்றாங்க?" உத்தமன் ஆவலாகக் கேட்டான்.

பிரபா அவன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த தடவை வந்தா சாப்பிட்டுத்தான் போகணுமாம்."