இறங்காத விமானம்

விமானத்தை வழியனுப்பும் டிஸ்பாட்ச்சர் உரிமத்துக்கான தேர்வில் ஜெசிந்தா இரண்டு முறை கோட்டைவிட்டவள். இரண்டு முறையும் எரிபொருள் கணக்குதான் காலை வாரிவிட்டது. இன்று மூன்றாவது முறையாக, தேர்வுத் தாளில், இல்லாத ஒரு விமானத்தில் இல்லாத நூற்று அறுபத்திரண்டு பேரை ஏற்றினாள். காற்றைப் பார்த்தாள், இறங்குமிடம் மூடிக்கிடந்தால் போவதற்கு மாற்று ஊரையும் குறித்தாள். விமானியின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஏதாவது ஆனால் இரண்டு பேருமே பொறுப்பு. பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

தேர்வாளர் கோதண்டபாணி எழவில்லை. “எங்கே கிளம்பிட்டீங்க?”

“முடிச்சுட்டேன் சார்.”

“உங்க விமானம் இறங்கிடுச்சா?”

அவள் உட்கார்ந்தாள். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து ஒரு வானிலைச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இறங்க வேண்டிய ஊரில் பனிமூட்டம். சற்று நேரத்தில் இன்னொரு சீட்டு வந்தது. மாற்று ஊரிலும் அதேதான். மூன்றாவதாக ஓர் ஊரைத் தேடிப்பிடித்துக் கணக்குப் போட்டாள். எரிபொருள் எட்டும், இந்த நிமிடமே திரும்பினால்.

“கேப்டனுக்குச் சொல்லணும் சார்.”

“சொல்லுங்க.”

மேசையில் தேர்வுக்கென்று வைத்திருந்த பழைய தொலைபேசிக்கு ஒயரே கிடையாது. நடிப்புதானே என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், நடுவே ஒரு குழந்தையின் அழுகை. பிறகு ஓர் ஆண்குரல் கேட்டது.

“எங்கே போகட்டும் மேடம்? சீக்கிரம் சொல்லுங்க.”