பச்சைப் பொட்டலம்

சர்வர் அறையின் குளிரில் மூன்று பேர் நிற்கிறோம். இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதிதாகப் போட்டு ரீஸ்டார்ட் செய்த சர்வர், ‘டிஸ்க் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி காட்டிவிட்டு அசையாமல் கிடக்கிறது. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வந்துவிடுவார்கள். அவர்களுடைய ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் இதற்குள்தான். பெய்-ஷான் அக்கா திரையைப் பார்க்கவில்லை. சர்வரின் தலைமேல் இருக்கும் பச்சைப் பொட்டலத்தைப் பார்க்கிறாள். ‘சமர்த்தாயிரு’ என்று அச்சடித்த, தேங்காய்ப்பால் ருசி நொறுக்குத்தீனி. அது மேலே இருந்தால் மெஷின் அடம்பிடிக்காது என்று நம்பிக்கை; அதை வைக்காமல் தைவானின் ஷின்ச்சுவில் யாரும் சர்வரைத் தொடுவதில்லை. விரலால் தட்டுகிறாள். வெறும் காற்று. திருப்புகிறாள். அடியில் கிழித்த இடத்தை மறைத்து ஒட்டிய டேப் விளக்கொளியில் மின்னுகிறது. “யாருடா தின்னது?” ஜின்-துங் கைகளை விரித்துக் காட்டுகிறான். “பசிச்சா கீழ கடை இருக்கு. மெஷின் சோத்துல நான் ஏன்க்கா கை வைக்கிறேன்?” சொல்லிக்கொண்டே பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கிறான். விசிறிகள் இரைய, சர்வர் எழுகிறது. “பாருங்க, மெஷின் எழும்புறதுக்கான பூட் பகுதியில இடமே இல்ல. புது ஃபைல் பாதியிலயே நின்னுருக்கு. பொட்டலம் என்ன பண்ணும்?” “இத்தனை நாளா சமர்த்தா இருந்த இடம், இன்னிக்குன்னு பார்த்து ஏன் ரொம்புச்சு?” என்கிறாள் அக்கா. அவன் அங்கே சேர்ந்த பழைய ஃபைல் குப்பையை அழித்து, ஃபைலை மறுபடி உருவாக்குகிறான். புதுக் கெர்னலே ஏறிவிடுகிறது. அப்போதும் அவள் முகம் இளகவில்லை. “சரி, ஓடுது. ரெண்டு பேரும் ஒரு தடவை ஊதுங்க.” ஜின்-துங் சிரித்துக்கொண்டே ஊதுகிறான். பூண்டு வாசனை; தேங்காய் இல்லை. அக்கா என் பக்கம் திரும்புகிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.