நடுவரின் காது

"நிறுத்துங்க! இது பதிவு பண்ணின வாசிப்பு. இந்தப் பொண்ணோட கை அந்தரத்துல நின்னுச்சு, கோமூஸ் மட்டும் பாடிக்கிட்டே இருந்துச்சு!"

நடுவர் விக்டர் பாவ்லோவிச் போட்ட சத்தத்தில் டிரம்ஸும் கிட்டாரும் பாதியில் ஓய்ந்தன. கிர்கிஸ்தானின் நாரின் நகர அரங்கத்தின் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. வலது கையைத் தலைக்கு மேலே வீசும்போது இடது கை விரல்களே தந்தியைச் சுண்டிக்கொள்ளும்; மூன்று தந்திக் கோமூஸ் வாத்தியத்தில் அதுதானே அழகு! பட்டணத்துக் கிட்டார்க்காரரான நடுவருக்கு அது எங்கே தெரியப் போகிறது, பாவம்.

மேடையில் பெகிமாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இது நேரடி இசைப் போட்டி. பதிவு என்று நிரூபணமானால் அவளுடைய குழு ஐந்து வருடத்துக்கு எந்த மேடையும் ஏற முடியாது. கல்யாண வீடுகளில் பென் டிரைவ் பாட, தான் பொம்மை மாதிரி விரலசைத்து அலுத்துப்போய்த்தான் இந்தக் குழுவையே ஆரம்பித்தாள். ஒலி, நிற்கும் இடம், கைவீச்சு என்று மூன்று மாதம் உயிரை விட்டிருந்தாள்.

"ஐயா, எங்க கை ஆடினா உங்களுக்கு ஏன் தலை சுத்துது?"

"தலை சுத்தலம்மா. காது நல்லாக் கேக்குது. ஒயரையெல்லாம் கழற்றிட்டு நீ தனியா வாசி, பார்ப்போம்."

"டேய் உலான், வந்து கழற்று!"

ஒலிப் பலகைக்குப் பின்னாலிருந்த உலான் அசையவில்லை. "வேண்டாம்க்கா... பின்வரிசைக்குக் கேக்காது."

"கேக்க வைக்கிறேன். கழற்றுடா!"

தயங்கித் தயங்கி வந்து கழற்றினான். பெகிமாய் ஆத்திரத்தோடு வாசித்தாள். கை தோளைத் தாண்டிப் பறந்தது, பிடரியைச் சுற்றி வந்தது. ஒரு சுரம்கூடச் சிந்தவில்லை. அரங்கமே எழுந்து விசிலடித்தது.

விக்டர் மேடையேறி வந்து தலைகுனிந்து நின்றார். "மன்னிச்சுக்கோம்மா. முப்பது வருஷமா இந்தக் காதை நம்பினேன். இனிமே நடுவர் நாற்காலியில உட்கார மாட்டேன்." முதல் பரிசை அவள் கையில் கொடுத்துவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டே வெளியேறினார்.

மேடைக்குப் பின்னால் வந்ததும் பெகிமாய் உலான் முதுகில் ஒன்று வைத்தாள். "தொடைநடுங்கி! நான் தோத்துடுவேன்னு நினைச்சியா?"

"ஆமாக்கா. கையை வீசுற இடத்துல எப்பவும் ரெண்டு சுரம் விட்டுடுவீங்க. கோபத்துல இன்னிக்குத்தான் முதல் தடவையா முழுசா வந்துச்சு."

"முதல் தடவையா? அவர் நிறுத்துறதுக்கு முன்னாடி வாசிச்சேனே, அது?"

உலான் தரையைப் பார்த்தபடி சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

"உங்க காதுல மாட்டியிருந்த கருவிக்கு விட்டது நீங்க வாசிச்சதுக்கா. அரங்கத்துக்கு விட்டது, ஒத்திகையில எடுத்து நான் ஒட்டுப்போட்ட இது. அந்த மனுஷன் காதுல ஒரு கோளாறும் இல்ல."